கணக்குக் கேட்டவரிடம் கணக்கு

செஞ்சிக்கு வருவோரை முதலில் எதிர்கொள்வது ஊரன்று, மலை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பாறைமேல் பாறையை அடுக்கி வைத்தாற்போல் மூன்று குன்றுகள் நிற்கின்றன. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். மூன்றையும் இணைத்து ஓடுகிறது மதில். கோனார் மரபினர் தொடங்கிவைத்த கோட்டை என்பர். நாயக்கர் ஆண்டனர், பீசப்பூர் சுல்தான் பிடித்தார், 1677இல் சிவாசி கைப்பற்றினார், மொகலாயர் படை எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் உள்ளே நுழைந்தது, பின்னர் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியப் படைக் கோட்டைகளின் வரிசையில் ஒன்றாக இதனையும் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. மதிலைக் காப்பாற்றட்டும். ஆனால் இத்தனை கொடிகளை மாற்றி மாற்றி ஏற்றிய இந்த மலையின் அடிவாரத்தில் ஏர் பிடித்தவன் எவன், அவன் என்ன உண்டான் என்று எந்தப் பட்டியலும் எழுதவில்லை.

கோட்டைக்குள் நாம் நெடுநேரம் நின்ற இடம் கல்யாண மகாலன்று, களஞ்சியம். தடித்த சுவரும் வளைந்த கூரையுமாக நிற்கிறது அந்த நெற்களஞ்சியம். முற்றுகைக் காலத்தில் படைக்குச் சோறு வேண்டுமே! உழவன் விளைத்த நெல் அங்கே அரசன் சொத்தாகிக் குவிந்தது. அதே களஞ்சியத்திலிருந்து பஞ்சகாலத்தில் ஒரு மரக்கால் அளந்து கொடுத்திருந்தால், விளைத்தவனே கைகட்டி நின்று, "மகாராசா வாழ்க!" என்று முழங்கியிருப்பான். தன் நெல்லைத் தானே பெற்றுக்கொண்டு வாழ்த்தும் வழங்கிய மனிதன்! அவனைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறோம்.

செஞ்சி என்றதும் நாட்டுமக்கள் நாவில் எழும் பெயர் தேசிங்கு. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பாக்கிக் கப்பத்தைக் கேட்டார். தேசிங்கு மறுத்தான். 1714இல் சிறுபடையுடன் பெரும்படையை எதிர்த்து மாண்டான். ஓராண்டுகூட நிறைவாக ஆளாத இளைஞன், முந்நூறு ஆண்டுகளாகக் கூத்திலும் கதைப்பாட்டிலும் ஆண்டுகொண்டிருக்கிறான். வீரத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தக் கதைப்பாட்டைக் கேட்கும் இளைஞர் இரண்டினைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கணக்குக் கேட்டவன் அங்கே பகைவன். கணக்குக் கொடுக்க மறுத்தவன் வீரன். மற்றொன்று, தலைவன் மாண்டதும் அவனுடைய இளம் மனைவி தீயில் இறங்கினாள் என்பதை ஒரு பெண்ணின் கொலையாகக் கதை சொல்லவில்லை. கற்பின் பெருமையாகச் சொல்கிறது. தலைவனுக்காகச் சாவதே அன்பின் உச்சம் என்ற பாடத்தை நம் நாடு அன்றே படித்துவிட்டது. பிற்காலத்தில் வேறு தலைவர்களுக்காகவும் அந்தப் பாடத்தை ஒப்புவித்தது.

1960இல் 'ராஜா தேசிங்கு' திரைக்கு வந்தது. தேசிங்காகக் குதிரையேறியவர் எம்.ஜி.ஆர். அன்று கொட்டகையில் செஞ்சி மண்ணின் மைந்தர்களும் இருந்திருப்பர். திரையில் அரசனைக் கண்டவர்கள், பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1977 சூன் 30 அன்று, அவரை முதலமைச்சராகவே கண்டார்கள். இம்முறை முடிசூட்டியது பிறப்பன்று, வாக்கு. அதுவே ஒரு புரட்சிதான். ஆயின், வாக்கால் வந்தவர் அரசரானாரா, அல்லது மக்களின் பணியாளராக நின்றாரா? அதுதான் நம் கேள்வி.

"சோறு போட்டவரைக் குறை கூறலாமா?"

செஞ்சியில் ஒரு படிப்பகத்தில் உரையாடிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்டார். "ஐயா, என் தாய் சத்துணவு உண்டு பள்ளியில் படித்தவர். அந்த உணவு இல்லையேல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கமாட்டார். அந்த உணவைத் தந்தவரை நாம் தராசில் நிறுத்துவது நன்றிகெட்ட செயலாகாதா?"

கேள்வியில் கண்ணீர் இருந்தது; அதனால் அதை அலட்சியமாகத் தள்ள நமக்கு மனமில்லை. நன்றியைப் பண்பாகப் போற்றும் இனம் நாம். வள்ளுவர் செய்ந்நன்றிக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அதே வள்ளுவர், இடித்துரைக்கும் துணையை இழந்த மன்னனின் கேட்டையும் எழுதிவைத்தார். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பின்னதை மறந்துவிடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். முதலில் வரவுப் பக்கம்.

வரவு

1982 சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒருவேளை உணவு. அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்க்கும் அது விரிந்தது. பொருளியல் அறிஞர் சிலர் நகைத்தனர். கருவூலம் தாங்குமா என்றனர். சோற்றுக்குச் செலவிடுவது வீண்செலவு, தொழிலுக்குச் செலவிடுவதே வளர்ச்சி என்றனர். பசித்த குழந்தையின் காதில் பாடம் ஏறாது என்ற எளிய உண்மை, பட்டம் பெற்றவர்க்கு விளங்காமற்போயிற்று. பசியறிந்து வளர்ந்த எம்.ஜி.ஆருக்கு விளங்கியது. இளமையில் பட்டினி கிடந்தவர் அவர். அந்த நினைவை அரியணையில் அமர்ந்தபின்னும் அவர் துடைத்தெறியவில்லை. இது பெருமைக்குரியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கவேண்டும் என்று ஆணையிட்டபோது, முன்மாதிரியாகக் கண்முன் நின்றது தமிழ்நாடு. நகைத்தவர்களின் நகைப்பு அடங்கிற்று.

அடுத்தது, பலர் மறந்துவிட்ட ஒன்று. ஊரில் கர்ணமும் முன்சீப்பும் வைத்திருந்த ஆட்சி எப்படிப்பட்டது என்பதை முதியவரைக் கேட்டால் சொல்வர். யாருடைய நிலம் யார் பெயரில், எது புறம்போக்கு, எவனுக்குப் பட்டா என்பதெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளையின் மைக்கூட்டில் இருந்தன. சட்டப்படி பரம்பரை உரிமை முன்பே நீங்கியிருந்தும், பல ஊர்களில் அதே குடும்பங்கள் அதே திண்ணையில் அமர்ந்து அதே கணக்கை எழுதின. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் அத்தனையையும் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் பிறந்தார். உழவன் வீட்டுப் பிள்ளையும், சேரியில் பிறந்த பிள்ளையும், பின்னாளில் பெண்களும் அந்த நாற்காலியில் அமர வழி பிறந்தது. ஒரு நூற்றாண்டுப் பேச்சால் சாயாத திண்ணையை ஒரு கையெழுத்து சாய்த்தது.

1978இல் பெரியார் நூற்றாண்டையொட்டி அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. இன்று நாம் எழுதும் 'லை'யும் 'னை'யும் 'றா'வும் அந்த ஆணையின் பேறு. 1980இல் பிற்படுத்தப்பட்டோர்க்கான இடஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது.

இவை சிறு செயல்களல்ல. இவற்றை மறைத்து எழுதும் பேனா நேர்மையான பேனாவன்று.

செலவு

இனி மறுபக்கம். 1972இல் எம்.ஜி.ஆர். திராவிட முன்னேற்றக் கழகத்தில் எழுப்பிய முழக்கம் என்ன? கணக்குக் காட்டு! கட்சிப் பொறுப்பாளர்களும் அமைச்சர்களும் தம் சொத்துக் கணக்கை மக்கள்முன் வைக்கவேண்டும் என்றார். நீக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று தனிக் கட்சி கண்டார். கேட்டது நியாயமான கேள்வி. எந்தத் தலைவரிடமும், எந்நாளும் மக்கள் கேட்க உரிமையுள்ள கேள்வி. அந்தக் கேள்வியால் பிறந்த கட்சி, ஆட்சிக்கு வந்தபின் கேள்வியை எப்படி நடத்தியது?

1981இல், இழிவான எழுத்தைத் தண்டிக்கிறோம் என்று சொல்லி, இதழாளரை அச்சுறுத்தும் வகையில் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. எது இழிவு என்று முடிவு செய்வது யார்? எழுதப்பட்டவர் கையிலிருக்கும் காவல்துறை! 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, அதன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று திங்கள் சிறை விதித்தது. நாடு கொதித்தது, சில நாள்களில் விடுவித்தனர். பின்னர் அவர் உயர்நீதிமன்றம் சென்று ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். தொகை சிறிது, பாடம் பெரிது. நாடகத்தாலும் நையாண்டியாலும் வளர்ந்த இயக்கத்தின் வழிவந்தோர், ஒரு நகைச்சுவையைத் தாங்கமுடியாமல் சிறைக்கதவைத் திறந்தார்களே! வேதனையினும் வெட்கமே மிகுதி.

1982இல் குண்டர் தடுப்புச் சட்டம் வந்தது. கள்ளச் சாராயக்காரரையும் ரவுடிகளையும் அடக்கவே என்றனர். வழக்கு மன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்காமலேயே ஒருவரைப் பன்னிரண்டு திங்கள் வரை அடைத்துவைக்க அதில் இடமுண்டு. அந்தச் சட்டம் அவரோடு போகவில்லை. பின்னர் வந்த ஒவ்வோர் ஆட்சியும் அதைக் கையில் எடுத்தது. புதிய புதிய குற்றங்களைச் சேர்த்து நீட்டியது. ஒரு நல்லவர் கையில் இருக்கட்டும் என்று கொடுத்த வாள், அவருக்குப்பின் யார் இடுப்பில் தொங்கும் என்று யோசிக்காததன் விளைவு இது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடார்க்காட்டிலும் தருமபுரியிலும் நக்சலைட்டுகள் என்று சொல்லி, 'மோதல்' என்ற பெயரால் இளைஞர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றமா, துப்பாக்கியா என்ற கேள்வியில் நமக்கு இரண்டு கருத்தில்லை.

செஞ்சிக்கு அருகிலேயே வருவோம். 1978 சூலையில் விழுப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டனர். விசாரணைக் குழு வந்தது; அறிக்கை வந்தது; மாண்டவர் வரவில்லை. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னிய மக்கள் சாலை மறியல் செய்தார்கள். அதில் இருபத்தொரு உயிர்கள் பறிபோயின; துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தோர் பலர். முதலமைச்சர் அப்போது நோயுற்றிருந்தார் என்பது உண்மை. ஆனால் ஒருவரே அரசு என்று ஆகிவிட்ட இடத்தில், அந்த ஒருவர் படுத்துவிட்டால் அரசு என்னாகும் என்பதற்கும் அதுவே சான்று. அவர்கள் கேட்டது 1989இல், மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபது விழுக்காடாக வந்தது. விழுப்புரத்தில் இன்று அவர்களுக்கு மணிமண்டபம் நிற்கிறது. கேட்கும்போது குண்டு, மறைந்தபின் மண்டபம்!

இன்னொரு செலவும் உண்டு. பெயரெழுதாத செலவு. 1981 மே முதல் சாராயக் கடைகளும் கள்ளுக் கடைகளும் திறக்கப்பட்டன. 1983இல் மது வாணிபத்திற்கென அரசே டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. மதுவிலக்கை 1971இல் முதலில் தளர்த்தியது முந்தைய ஆட்சி என்பதையும், 1974இல் அதுவே மீண்டும் கடையை மூடியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குழந்தைக்குத் தட்டில் சோறு விழுந்த அதே ஆண்டுகளில், தகப்பனின் கூலி கோப்பையில் விழுந்து கருவூலம் சேர்ந்தது. ஏழையின் ஒரு கையில் கொடுத்து மறுகையில் வாங்கினால், கொடுத்ததைப் பாடும் புலவன் வாங்கியதையும் பாடவேண்டாமா?

உருவம் ஒன்றுதானா விடை?

எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்ற அறிஞர் 1992இல் 'தி இமேஜ் டிராப்' என்ற ஆங்கில நூலில் இந்தப் புதிரை ஆராய்ந்தார். ஏழைகள் பெற்றதைவிடத் தந்ததே மிகுதி. அப்படியிருந்தும் அந்த ஏழைகளே அவரை ஏன் தலைமேல் வைத்துக் கொண்டாடினர்? திரைப்படங்களும் பாட்டும் மலிவு விலை வாழ்க்கை வரலாறுகளும் சேர்ந்து கட்டிய உருவமே காரணம் என்று அவர் காட்டினார். ஏழைக்காகச் சாட்டையேந்தும் மாட்டுக்காரன், படகோட்டி, ரிக்சாக்காரன். திரையில் கண்ட நீதியை வாழ்வில் கண்டதாக மக்கள் எண்ணிக்கொண்டனர் என்பது அவர் கணிப்பு. நம் இளைஞர்கள் படிக்கவேண்டிய ஆய்வு அது. துணிச்சலான ஆய்வும்கூட.

ஆயினும் ஓரிடத்தில் நாம் மாறுபடுகிறோம். உருவத்தில் மயங்கினார்கள் என்று மட்டும் சொன்னால், மக்களை அறியாதவர்களாக ஆக்கிவிடுவோம். அந்தத் தாய் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது உருவத்தாலன்று, சோற்றால். ஊர்க்கணக்கைக் காண ஒருவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றவன், பின்னாளில் அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து பேசியது படத்தாலன்று, சட்டத்தால். மக்கள் உண்மையான பயனைப் பெற்றார்கள். அவர்கள் ஏமாந்தது பயனிலன்று, பயனின் பெயரில். உரிமையாக வந்ததை வரமாக எண்ணியதில்தான் தவறு நேர்ந்தது.

சத்துணவின் வரலாற்றையே பாருங்கள். 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுணவு தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைப் பெருக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சி முட்டை சேர்த்தது. 2022 செப்டம்பரில் காலை உணவு தொடங்கியது. ஒரு நூற்றாண்டாக இந்த மண்ணின் பொதுவாழ்வு சமைத்த சோறு இது. அடுப்பு மூட்டியவர் பலர்; அரிசி மக்களுடையது. பரிமாறியவர் ஒருவர் என்பதற்காக விளைத்தவனை மறப்பது, செஞ்சிக் களஞ்சியத்தின் முன் கைகட்டி நின்ற அந்தப் பழைய உழவனின் மயக்கமே.

மேலும், அந்தச் சோறு சாதியை வென்றுவிட்டதா? ஒரே பந்தியில் குழந்தைகளை அமர்த்தியது. அது சிறு புரட்சியன்று. ஆனால் 2018இல்கூட அவிநாசிக்கு அருகே ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட பெண் சமைக்கக்கூடாது என்று சிலர் தடுத்த செய்தியைப் படித்தோம். தலைவர் உணவு தரலாம். அந்த உணவைத் தொடும் கையை மதிக்கும் மனத்தை அவர் ஆணையிட்டுத் தரமுடியாது. அது நம் வேலை. தலைவரை வாழ்த்திவிட்டு நாம் வீட்டுக்குப் போனதால் அந்த வேலை பாதியில் நிற்கிறது.

தோல்வி தந்த சீர்திருத்தம்

இந்தக் கணக்கில் நமக்கு மிகவும் பயன்படும் ஓர் ஏடு உண்டு. இளைஞர்கள் அதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1979 சூலையில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண்டு வருமானம் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு இல்லை என்றது அது. சாதியால் வந்த இழிவை வருமானத்தால் அளந்த ஆணை! திராவிடர் கழகம் எதிர்த்தது, திராவிட முன்னேற்றக் கழகம் எதிர்த்தது, மாணவர் எதிர்த்தனர். 1980 சனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு. உடனே ஆணை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதோடு நிற்கவில்லை. ஒதுக்கீடு 31இலிருந்து 50 ஆயிற்று.

இதன் பொருள் என்ன? அவருடைய மாபெரும் சமூகநீதிச் செயல், அவரது அதிகாரம் வளர்ந்தபோது வரவில்லை, தளர்ந்தபோது வந்தது. எதிர்ப்பார் இருந்ததால் வந்தது. மக்கள் அடித்த மணி கேட்டதால் வந்தது. தலைவர் வலுப்பெற்றால்தான் சீர்திருத்தம் நடக்கும், ஆதலால் அவரைக் கேள்வி கேட்டு வலுவைக் குறைக்காதீர் என்று கூறுவோர்க்கு இந்த ஓராண்டின் வரலாறே விடை. கேள்வி சீர்திருத்தத்தின் பகையன்று, தாய்.

ஆனால் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தியவர் அவர் என்பதையும் அதே ஏட்டில் எழுதத்தான் வேண்டும். தோற்றபின்னும் பிடிவாதம் பிடிக்கும் தலைவர்களை உலகம் கண்டிருக்கிறது. அவர் வளைந்தார். வளையும் முதுகெலும்பு அவரிடம் இருந்தது. காலப்போக்கில் அதை வளைக்கும் குரல்தான் அவரைச் சுற்றிலும் குறைந்துபோயிற்று.

ஏன் குறைந்தது? கட்சிக்குள் இரண்டாமவர் என்று எவரும் நிலைபெறவில்லை. தொண்டர்களுக்குக் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார்கள். கொள்கையை நெஞ்சில் பதிக்க ஊசி வேண்டுமா? நெருக்கடி நிலையின்போது, மாநிலக் குரல் நெரிக்கப்பட்ட வேளையில், டில்லியை ஆதரித்து நின்றார். 1976இல் கட்சியின் பெயருக்கு முன் 'அனைத்திந்திய' வந்து அமர்ந்தது. அதே டில்லி 1980 பிப்ரவரியில் அவருடைய ஆட்சியையே கலைத்தது! 1986இல் சட்டமன்ற மேலவை ஒழிக்கப்பட்டது. மேலவை வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு; ஓர் உறுப்பினர் நியமனத்தில் எழுந்த சிக்கலைத் தொடர்ந்து ஓர் அவையே மறைந்தது என்பது அதிகாரத்தின் போக்கைக் காட்டும். 1984 திசம்பரில், அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே தேர்தலில் வென்றார். அவர் நோயுற்றபோது தீக்குளித்தோர் உண்டு. 1987 திசம்பர் 24இல் மறைந்தபோது உயிர்விட்டோர் உண்டு. தேசிங்கின் மனைவிக்குத் தீமூட்டிய அதே பாடம், கொள்கை மேடைகளைத் தாண்டி வந்து ஏழைத் தொண்டனைத் தின்றது. இன்று திருநின்றவூரை அடுத்த நத்தமேட்டில் அவருக்குக் கோவிலே இருக்கிறது. கோவிலில் தீபம் காட்டலாம். கணக்குக் கேட்க முடியுமா?

கடல் கடந்த கண்ணாடி

இது நம் மண்ணுக்கு மட்டும் உரிய நோயன்று. தென்னமெரிக்காவில் அர்சென்டினா நாட்டில் பெரோன் 1946இல் ஆட்சிக்கு வந்தார். தொழிலாளர்க்கு ஊதியமும் விடுமுறையும் உரிமையும் பெருகின. 1947இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அவர் மனைவி ஈவா ஏழைகளின் தாயெனப் போற்றப்பட்டார். பயன்கள் மெய்யானவை. ஆனால் 1951இல் 'லா பிரென்சா' என்ற பெரிய நாளேட்டை அரசு பறித்துக்கொண்டது. 1955இல் படையினர் பெரோனைத் துரத்தியபோது, அவரைக் காக்கவும் திருத்தவும் வலுவான மன்றங்கள் எஞ்சவில்லை. அவருடைய பெயர் மட்டுமே எஞ்சியது. ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்த மக்கள், அவர் போனதும் எல்லாவற்றையும் இழக்கும் இடருக்கு ஆளாகிறார்கள்.

தமிழ்நாடு அந்தப் பள்ளத்தில் முற்றும் விழவில்லை. ஏன்? தேர்தல் இருந்தது. நீதிமன்றம் இருந்தது. எதிர்க்கட்சி இருந்தது. 1970க்குப் பின் நெடுங்காலம் நடத்தப்படாத உள்ளாட்சித் தேர்தல் 1986இல் நடந்தபோது, நகராட்சிகளில் எதிர்க்கட்சிக்கே பெருவெற்றி தந்தனர் மக்கள். அவர் நேசத்துக்குரியவர்தான், ஆனாலும் அன்று வேறு சின்னத்தில் முத்திரை குத்திய அந்தக் கை, பகுத்தறிவின் கை. மக்கள் முழுதும் மயங்கிவிடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் மேலும் ஒரு கோடு

எம்.ஜி.ஆர். ஒருவர்மேல் மட்டும் இந்தக் கோலை வீசிவிட்டு நாம் நிமிர்ந்து நடக்க முடியாது. தலைவர்க்குப் பட்டம் சூட்டும் பழக்கத்தை மேடையில் வளர்த்தது யார்? வானளாவ உருவப்படம் நிறுத்தியது யார்? கடவுளை மறுத்த கூட்டத்தில் மனிதனைக் கடவுளாக்கும் சொற்களைத் தேடித் தேடி அடுக்கியது யார்? அந்தப் பாவத்தில் நம் இயக்கத்தின் எல்லாக் கிளைகளுக்கும் பங்குண்டு. நம் எழுதுகோலுக்கும் உண்டு. அவருக்குப் பின் வந்த தலைவர்கள் எக்கட்சியினராயினும், தாம் வழங்கிய பொருள்களில் தம் படத்தை ஒட்டத் தயங்கவில்லை. மக்கள் வரியில் வாங்கிய பொருளுக்கு மன்னரின் முத்திரை!

எனவே அந்த இளைஞருக்கு நாம் சொன்ன விடையையே இங்கும் எழுதுகிறோம். தம்பி, உன் தாய் உண்ட சோறு உண்மை. அதைத் தந்த ஆட்சியை நினைத்து அவர் நெகிழ்வது இயல்பு; அந்த நெகிழ்ச்சியை நாம் கேலி செய்யமாட்டோம். ஆனால் நன்றி என்பது வாயை மூடும் பூட்டாக மாறினால், அது நன்றியன்று, அடிமைச் சீட்டு. எந்தத் தலைவர் எந்த நன்மை செய்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார். இந்த நன்மை சட்டமாக நிற்கிறதா, அவர் கருணையாகத் தொங்குகிறதா? இதை அவர் எடுத்துக்கொள்ள நினைத்தால் தடுக்க நமக்கு மன்றம் உண்டா? இதைக் குறைகூறி ஒருவன் எழுதினால், மறுநாள் காலை அவன் தன் வீட்டில் கண்விழிப்பானா?

மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், அவரை வாழ்த்து. ஒன்றுக்குத் தவறினாலும், வாழ்த்தை நிறுத்தாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியை நிறுத்தாதே. 1972இல் அவர் கேட்ட கேள்வியே அது. அவரிடம் அதைக் கேட்பது அவருக்குச் செய்யும் துரோகமன்று. அவர் தொடங்கிய வேலையை முடிப்பது.

கோட்டையிலிருந்து இறங்கும்போது நண்பகல். செஞ்சி விற்பனைக்கூடத்தை நோக்கி நெல்மூட்டை ஏற்றிய வண்டிகள் சென்றுகொண்டிருந்தன. ஒரு பள்ளியில் மணியடித்தது. பிள்ளைகள் தட்டுகளுடன் வரிசையில் அமர்ந்தார்கள். மேலே களஞ்சியம் வெறிச்சோடிக் கிடந்தது. கீழே சோறு சூடாக இருந்தது. மலையிலிருந்து சமவெளிக்கு அந்த நெல்லை இறக்கிக்கொண்டுவர நமக்கு முந்நூறு ஆண்டுகள் ஆயின. களஞ்சியத்தின் திறவுகோலை மீண்டும் எவருடைய இடுப்பிலும் கட்டிவிட்டுக் கைகூப்பி நிற்கவேண்டாம். அது ஊரின் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கட்டும்.